பட்டம் வாங்கிய கணக்கப்பிள்ளைகள்

விருதுநகர் பஜாரில் நான் பழகிய கணக்கப்பிள்ளைகளில் பலர் முப்பதைத் தாண்டியபின் பி.காம். படித்தவர்கள். நாற்பத்தைந்தில் பட்டம் வாங்கியவரும் உண்டு. பிள்ளைகள் ஹைஸ்கூல் போய்க்கொண்டிருக்கும்போது, இரவு கடையடைத்து வந்து, சாப்பிட்ட கையோடு கம்பெனிச் சட்டத்தை விரித்து உட்காருவார்கள். "இந்த வயசுல இது எதுக்கு?" என்ற கேள்வி எழாத வீடு கிடையாது. நான் முப்பத்தேழாவது வயதில் சேர்ந்தபோது என் வீட்டிலும் எழுந்தது. அதற்குப் பதில் ஒரு சட்டப் பிரிவில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வருமான வரி அதிகாரி முன்னால் ஒருவருக்காக யார் யார் ஆஜராகலாம் என்பதை 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 288ஆவது பிரிவு வரையறுத்தது. சொந்தக்காரர் ஆஜராகலாம். அவரிடம் நிரந்தரமாக வேலை பார்ப்பவர் ஆஜராகலாம். வக்கீலும் ஆடிட்டரும் ஆஜராகலாம். இவர்களோடு, விதிகளில் சொன்ன கல்வித் தகுதி உள்ளவரும் ஆஜராகலாம். அந்தத் தகுதி 1962ஆம் வருஷத்து விதிகளில் 51ஆவதாக வந்தது: இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் வாங்கிய வணிகவியல் பட்டம் அல்லது சட்டப் பட்டம்.

ஒரு மண்டியில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிற கணக்கப்பிள்ளை இதன்படி தன் முதலாளிக்காகப் பேசலாம்; அடுத்த கடைக்காரருக்காகப் பேச முடியாது. வேலையை விட்டு விலகிவிட்டாரென்றால், இருபது வருஷம் தன் கையாலேயே எழுதிய பேரேட்டைப் பற்றிக்கூட அந்த மேஜைக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. பி.காம். இருந்தால் உண்டு. எங்கள் தெருவில் அந்தப் பட்டத்துக்கு இருந்த மரியாதை முழுவதும் இதிலிருந்து வந்ததுதான். சம்பளக்காரர் தனியாக ஒரு அறை பிடித்து, பெயர்ப்பலகை மாட்டி, பத்துக் கடைக்கு வரிக் கணக்கு பார்க்கலாம். ஆடிட்டர் ஆவதற்கு வருஷக்கணக்கில் ஆர்ட்டிகிள் பயிற்சி வேண்டும். அத்தனை காலம் சம்பளத்தை விட்டுவிட்டு எந்தக் குடும்பஸ்தனால் இருக்க முடியும்?

என் அப்பா வத்தல் மண்டியில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் காலத்தில் கணக்கு என்பது பள்ளியில் படிக்கிற பாடமாக இல்லை. மண்டியில் பையனாகச் சேர வேண்டும், சிட்டை எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார வேண்டும், கூட்டல் சரிபார்க்க வேண்டும். கையெழுத்து திருந்தியபின் சிட்டை கைக்கு வரும். பல வருஷம் கழித்துப் பேரேடு வரும். பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் இந்தப் பயிற்சி இன்னும் கட்டுக்கோப்பாக இருந்தது. பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவன் அடுத்தாள் ஆகி, பிறகு மேலாள் ஆவான். மூன்று வருஷம் ஒரு கணக்கு. அது முடிந்தால் ஊர் திரும்பி, ஐந்தொகை காட்டி, மறுபடி போவான். ரங்கூனில் வட்டிக்கடையை ஒற்றை ஆளாகத் தாங்கிய மேலாள்கள் எந்தக் கல்லூரிக்கும் போனவர்கள் இல்லை.

அப்பா தொழில் பழகியபோது ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. எடை மணங்கும் வீசையும். அவருக்கு முந்தின தலைமுறை மாகாணி, முந்திரி வரை கீழ்வாய் இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்தது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது, பின்னாலேயே கிலோவும் வந்தது. ஒரே கணக்கப்பிள்ளை ஒரே பேரேட்டில் இரண்டு முறையிலும் எழுதி, பழைய பாக்கியையெல்லாம் புதுக்காசுக்கு மாற்றி, ஒரு பைசா பிசகாமல் கொண்டுவந்தார். அந்த வேலையின் அருமையை எந்தச் சான்றிதழும் குறித்துவைக்கவில்லை.

மண்டிக் கணக்கை ஒரு உதாரணத்தால் காட்டுகிறேன். ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, வத்தல் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குகிறார். மண்டி அதை ஒரு வியாபாரிக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு முடித்துக்கொடுக்கிறது. கமிஷன் 300, இறக்குகூலியும் சாக்குத் தையலும் சேர்த்து 90, ஊர்ப் பொதுவுக்கு எடுக்கும் மகமை 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிட்டையில் வியாபாரி பேரில் 10,000 பற்று விழும். சம்சாரி பேரில் 9,600 வரவு, கமிஷன் வரவு 300, கூலி வரவு 90, மகமை வரவு 10. எதிர்ப்பக்கம் கூட்டினால் அதே 10,000. ராத்திரி பெட்டியை எண்ணி, ரொக்கமும் சிட்டையும் ஒத்துக்கொண்டால்தான் கடை அடைக்கப்படும். நாலு ரூபாய் இடித்தாலும் அப்பா வீட்டுக்கு வரமாட்டார்.

பின்னாளில் என் பி.காம். பாடநூலில், முறையாகப் படிக்காத வியாபாரிகள் எழுதுவது ஒற்றைப் பதிவு என்றும், அது குறையுள்ள கணக்கு என்றும் ஒரு அத்தியாயம் இருந்தது. அதற்கான கணக்குகளைப் போட்டேன், மார்க்கும் வாங்கினேன். ஆனால் அந்த அத்தியாயத்தை எழுதியவர் விருதுநகர் சிட்டை ஒன்றைப் புரட்டியிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். இரட்டைப் பதிவை விளக்கி வெனிஸில் 1494ல் லூகா பாச்சோலி அச்சிட்ட புத்தகத்திலிருந்து பாடநூல்கள் கதையைத் தொடங்குகின்றன. பஜாரில் அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்கள் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் பட்டம் எதற்கு வந்தது? இந்தியாவில் வணிகத்துக்கென்று முதல் கல்லூரி 1913ல் பம்பாயில் எழுந்தது: சைடன்ஹாம் கல்லூரி. ஆசியாவிலேயே அதுதான் முதல் வணிகக் கல்லூரி என்பார்கள். வங்கி, இன்சூரன்ஸ், கப்பல், ரயில்வே என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெருகிய ஊரில் இங்கிலீஷில் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் பக்கத்துக் கடைத்தெருவுக்கு அந்தத் தேவை அப்போது இல்லை. கணக்கை வாசிப்பவர் முதலாளி ஒருவர்தான். அவருக்குப் புரிந்தால் போதும்.

1939ல் அது மாறியது. ராஜாஜி முதல்வராக இருந்த சென்னை மாகாணம், மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்டப் பொது விற்பனை வரி போட்டது. நாட்டில் இப்படி ஒரு பொது வரி போட்ட முதல் மாகாணம் இதுதான். வருமான வரி பெரிய புள்ளிகளைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. விற்பனை வரி பஜாருக்குள் இறங்கி நடந்தது. அன்றிலிருந்து பேரேட்டை இரண்டாவதாக வரி அதிகாரியும் வாசித்தார். அவருக்குத் தலைப்பில் போடும் 'உ'வும் 'லாபம்' என்ற எழுத்தும் ஒன்றுமில்லை. கொள்முதல் பில் எங்கே, சரக்கு இருப்பு எவ்வளவு, கமிஷன் வியாபாரமா சொந்த வியாபாரமா என்று கேட்டார். கமிஷனுக்கு விற்ற சரக்கைச் சொந்தச் சரக்காக எழுதிவிட்டால் மொத்தத் தொகைக்கும் வரி வந்து விழும். கணக்கு சரியாக இருந்தாலும் அதைச் சட்டத்தின் பாஷையில் சொல்லத் தெரியவேண்டும். அந்தப் பாஷை தெரிந்தவர் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து, அப்பா எழுதியதை அப்பாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவார். அப்பா வராந்தா பெஞ்சில் பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் ஊரில் படிப்புக்கு மரியாதை குறைந்த காலமே இல்லை. மகமைப் பணத்தாலும், வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியாலும் வளர்ந்த க்ஷத்ரிய வித்யாசாலா இங்கேதான் இருக்கிறது. காமராசர் அதில் படித்துப் பாதியில் நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்ததை ஊரே சொல்லும். அவர் ஆட்சியில் பள்ளிச் சம்பளம் இல்லாமல் போனதால்தான் என் வயதுப் பிள்ளைகள் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்தோம். அதற்கு மேல் பி.யு.சி., பிறகு மூன்று வருஷம் கல்லூரி. 1947லேயே ஊருக்குள் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் பகலில் மண்டிக்குப் போகிறவன் பகல் கல்லூரிக்கு எப்படிப் போவான்? அப்பாவுக்குக் கண் மங்கியதும் நான் சிட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

1961ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் மேலாண்மைக் கழகங்கள் தொடங்கின. அவை பெரிய கம்பெனிகளின் நிர்வாகிகளுக்கானவை. எங்களைப் போன்றவர்களுக்கான கதவு மறுவருஷம் டெல்லியில் திறந்தது. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழு சொன்னபடி, டெல்லிப் பல்கலைக்கழகம் 1962ல் அஞ்சல் வழிப் படிப்பை ஆரம்பித்தது. அதே கோத்தாரி தலைமை வகித்த 1964–66 கல்விக் கமிஷன், 1986க்குள் உயர்கல்வி மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கு மாலைக் கல்லூரியிலும் அஞ்சல் வழியிலும் படிக்கவேண்டும் என்று எழுதியது. வேலைக்குப் போய்விட்டவனை மறக்காத அறிக்கை அது. இந்திய அரசு ஆவணங்களில் நான் நன்றியோடு நினைப்பது அதைத்தான்.

தமிழ்நாட்டில் முதலில் கைகொடுத்தது மதுரை. 1966ல் பிறந்த பல்கலைக்கழகம் 1971ல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. அந்த வருஷம்தான் மு. வரதராசனார் துணைவேந்தராக வந்தார். அவர் எப்படிப் படித்தவர் என்பது இங்கே சொல்லவேண்டிய விஷயம். திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவர். உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டவர். தாமே படித்து 1935ல் வித்வான் தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறியவர். கல்லூரியில் உட்காராமல் படிப்பவனின் பாடு அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறகு 1979ல் அண்ணாமலை, 1981ல் சென்னை. 1982ல் ஆந்திரத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985ல் இந்திரா காந்தி பெயரில் தேசிய அளவில் ஒன்று. 'கரஸ்' என்று ஜனங்கள் சுருக்கிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் "என்ன பண்றே?" என்றால் "வேலைக்குப் போறேன், கரஸ்ல பி.காம்." என்று பதில் வரும்.

கரஸ் இப்படிப் பரவியதற்கு வங்கிகளும் ஒரு காரணம். 1969 ஜூலையில் பதினாலு வங்கிகள் தேசியமயமானதும் கிளைகள் சின்ன ஊர்களுக்கெல்லாம் வந்தன. பட்டதாரி ஊழியருக்குக் கூடுதல் இன்கிரிமெண்ட் உண்டு என்று சம்பள ஒப்பந்தம் இருந்ததால், கவுண்டரில் இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கரஸில் சேர்ந்தார்கள்.

எனக்குக் கதவு திறந்தது 1985ஆம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழு விதியால். பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பு இல்லாதவரும், இருபத்தொரு வயது ஆகியிருந்து பல்கலைக்கழகம் வைக்கும் நுழைவுத் தேர்வில் தேறினால் தொலைதூர முறையில் முதல் பட்டத்துக்குச் சேரலாம் என்றது அது. என்னிடம் பி.யு.சி. இல்லை. 1989ல் தேர்வு எழுதினேன், இடம் கிடைத்தது. பாடங்கள் தபாலில் பார்சலாக வரும். சணல் கட்டியிருக்கும் அந்தப் பார்சலைத் தபால்காரர் நேராக மண்டிக்கே கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். முதலாளி அண்ணாச்சி அதைப் பிரித்துப் பார்த்து, "ஆடிட்டிங்குன்னு போட்டிருக்கே, என் கணக்கையா தம்பி ஆடிட் பண்ணப்போறே?" என்று கேட்டார். கேட்டவர் தேர்வுக் கட்டணத்தைத் தானே கட்டினார்.

நேர்முக வகுப்புகள் மதுரையில் சனி, ஞாயிறுகளில் நடக்கும். என் பெஞ்சில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸ் கிளார்க், பக்கத்து பெஞ்சில் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருவர், வங்கியில் கடைநிலை ஊழியராக இருந்து கிளார்க் பதவிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவர், சிவகாசித் தீப்பெட்டி ஆபீசில் சம்பளப் பட்டியல் எழுதும் அக்கா ஒருவர். பாடம் நடத்த வந்தவர் எங்களில் பாதிப்பேரைவிட இளையவர். அண்ணே, அக்கா என்றுதான் எங்களைக் கூப்பிடுவார். நாங்கள் அவரை சார் என்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டாண்மைக் கலைப்பு நடத்தினார். பங்குதாரரில் ஒருவர் நொடித்துப்போனால், அவர் தரவேண்டிய குறையை மற்றவர்கள் எப்படிச் சுமப்பது என்ற பாடம். 1904ல் இங்கிலாந்தில் நடந்த கார்னர் – மர்ரே வழக்கின் தீர்ப்பைக் கரும்பலகையில் எழுதினார்: லாப விகிதப்படி பிரிக்கக்கூடாது, கலைப்புக்கு முன்னால் அவரவர் போட்டிருந்த முதலின் விகிதப்படி பிரிக்கவேண்டும். பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். அருப்புக்கோட்டைப் பக்கம் எண்ணெய் மில் ஒன்றில் கணக்கு பார்த்தவர்.

"சார், எங்க மில்லுல மூணு பங்காளி. ஒருத்தர் நொடிச்சுப் போயிட்டாரு. மத்த ரெண்டு பேரும் சரிபாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. லாபம் சரிபாதி, அதனால நஷ்டமும் சரிபாதின்னு பேச்சு."

"ரெண்டு பேர் முதலும் சமமாண்ணே?"

"இல்ல சார். சின்னவரு போட்டது நாலுல ஒரு பங்குதான். வீட்டை வித்துக் கட்டினாரு."

வாத்தியார் சாக்பீஸை எடுத்து அந்த மில்லின் கணக்கையே போட ஆரம்பித்தார். பெரியவர் தொகைகளை மனதிலிருந்து சொல்லச் சொல்ல அவர் எழுதினார். சின்னவர் கட்டியிருக்கவேண்டியது, கட்டியதில் பாதிதான் என்று வந்தது. பெரியவர் தன் நோட்டில் அதை எழுதி, அடியில் இரட்டைக்கோடு போட்டார். அன்று கேட்டதை ஒரு காலேஜ் பையன் பத்து மார்க் கேள்வியாகப் படித்திருப்பான். எங்கள் வகுப்பில் அது ஒரு வீடு. வயது கடந்து வணிகம் படிப்பவர்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அவர்கள் பாடத்துக்குள் கொண்டுவருகிற இந்தச் சரக்குக்கு ஈடு கிடையாது என்பதே என் உறுதியான எண்ணம். நம் பல்கலைக்கழகங்கள் அவர்களிடமிருந்து கட்டணத்தை வாங்கிக்கொண்டன. அவர்களுக்குத் தெரிந்ததை வாங்கி எழுதிவைத்துக்கொள்ளவில்லை. எழுதியிருந்தால் தமிழ்நாட்டு வணிக வரலாற்றுக்கே ஒரு தனி நூலகம் கிடைத்திருக்கும்.

2009ல் இந்தத் தலைமுறைக்குப் பெரிய அடி விழுந்தது. முதல் பட்டம் இல்லாமலே திறந்தநிலை முறையில் வாங்கிய முதுகலைப் பட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கில், மானியக் குழு விதியை மீறிய பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் ஆகஸ்டில் தமிழக அரசு, பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் திறந்தநிலை முறையில் பெற்ற பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்று ஆணையிட்டது. முதுகலை விஷயத்தில் நீதிமன்றம் சொன்னதில் நியாயம் உண்டு. அடித்தளம் இல்லாமல் மாடி கட்ட முடியாது. ஆனால் நுழைவுத் தேர்வு எழுதி, மூன்று வருஷப் பாடத்தையும் படித்துத் தேறிய முதல் பட்டக்காரனையும் அதே வரிசையில் நிறுத்தியதை என்னால் இன்றைக்கும் ஏற்கமுடியவில்லை. பட்டத்தோடு நான் தனியாகத் தொடங்கியிருந்த வரித் தொழிலை அந்த ஆணை தொடவில்லை. வரி அலுவலகத்தில் ஆஜராவது அரசுப் பணி அல்ல. என்னோடு படித்த ஒருவருக்குப் பதவி உயர்வு நின்றது. ஐம்பதை நெருங்கும் வயதில் அவர் பிளஸ் டூ தேர்வுக்குப் பணம் கட்டி, மகளின் பழைய புத்தகங்களை வைத்துப் படித்தார்.

கரஸ் படிப்பின் பெயர் கெட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு. பல இடங்களில் நேர்முக வகுப்பு பெயருக்கு நடந்தது. படிப்பு மையங்கள் என்ற பேரில் கடைகள் முளைத்தன. கணக்கியலைக் கைடு பார்த்து மனப்பாடம் செய்து எழுதியவர்களும் பட்டம் வாங்கினார்கள். மானியக் குழு கடிவாளம் போட்டது அவசியமான காரியமே. 2022ல் அதே குழு, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொலைதூர முறையில் வாங்கும் பட்டமும் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று தெளிவாக அறிவித்தது. அந்தத் தாளை நான் அச்செடுத்து என் ஆபீசில் ஒட்டியிருக்கிறேன்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பஜாரில் பழைய கணக்கப்பிள்ளைகள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். டாலியில் பதிவு, ஒவ்வொரு மாதமும் ரிட்டர்ன், எல்லாம் கம்ப்யூட்டரில். அந்த இடத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆபீசுக்கு வந்து பில் ஏற்றுகிறார்கள். ஜி.எஸ்.டி. விதிகளில் 83ஆவது விதி, வரி ஆலோசகராகப் பதிவு செய்ய வணிகவியல், சட்டம், வணிக நிர்வாகம் போன்றவற்றில் பட்டம் கேட்கிறது. அறுபது வருஷத்துக்கு முந்திய 51ஆவது விதியின் தங்கச்சி அது.

என் ஆபீசில் மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் மூத்தவருக்கு நாற்பத்திரண்டு வயது; பிளஸ் டூவோடு நின்றவர். ரிட்டர்னில் எனக்கே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பேன். ஒரு பருப்பு மில்லுக்கு வந்த நோட்டீசுக்கு, உள்ளீட்டு வரி எங்கே இடிக்கிறது என்று இரண்டு வருஷத்துப் பில்லைப் புரட்டிக் கண்டுபிடித்துப் பதில் தயாரித்தவர் அவர். கையெழுத்துப் போட்டது நான். இந்த வருஷம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்திருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என் அறையை அவருக்கு விட்டுவிடுகிறேன். நேற்று கார்னர் – மர்ரேயில் ஒரு சந்தேகம் கேட்டார். அந்த எண்ணெய் மில் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். "அப்போ கூட்டாண்மைப் பத்திரத்துலயே இதை எழுதிட்டா சண்டையே வராதுல்ல சார்?" என்றார். ஆமாம் என்றேன். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும், கார்னர் – மர்ரே அங்கே வராது. அடுத்த வாரம் பதிவு செய்ய வேண்டிய ஒரு கூட்டாண்மைப் பத்திரம் எங்கள் மேஜையில் இருந்தது. அதை எடுத்து, அந்த விதி எங்கே வரவேண்டும் என்று இரண்டு பேரும் பார்த்தோம். பதினோராவது பத்தியாகச் சேர்த்தார்.